ஆடத் தெரியாதவனுக்குச் சக்கரம் சின்னது



கரும்பு வெட்டு முடிஞ்சு பத்து நாள் ஆச்சு. சோகையைக் கொளுத்தாம பாருக்கு நடுவுல பரப்பி விட்டுட்டு, மறுதாம்புக்குத் தண்ணி கட்டிட்டு வந்து உக்காந்திருக்கேன். ஆலைப் பணம் இன்னும் கைக்கு வரல. ஆனா வரப்போற பணத்துக்கு வீட்டுக்கு வீடு கணக்கு ஓடுது. என் தம்பி வீட்டுல ஓடற கணக்குதான் இன்னிக்கு இந்தப் பதிவு.

வழக்கமா மாடு, மழை, மருந்துக் கடைன்னு எழுதறவன் திடீர்னு மலை சைக்கிள் பத்தி எழுதறானேன்னு நினைப்பீங்க. கடைசி வரைக்கும் படிங்க, இதுவும் நம்ம சங்கதிதான்.

தம்பி மகனுக்கு 22 வயசு. கள்ளக்குறிச்சியில ஒரு கம்பெனியில 12 ஆயிரம் சம்பளம். போன வருஷம் தவணையில 21 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கியர் சைக்கிள் வாங்கினான். ஞாயித்துக்கிழமை ஆனா கூட்டாளிங்க நாலஞ்சு பேரோட கச்சிராயபாளையம், கோமுகி அணை, அதுக்கு மேல கல்வராயன் மலைன்னு கிளம்பிடுவான். நல்ல பழக்கம்தான். டாஸ்மாக் பக்கம் போகாம மலைப் பக்கம் போறானேன்னு நானே தம்பிக்கிட்ட பெருமையா சொல்லியிருக்கேன்.

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி மலையிலிருந்து இறங்கும்போது விழுந்துட்டான். ஊர்க்காரங்க நடந்து போற ஒரு மண் பாதை, சரளை ஜாஸ்தி. ஹேண்டில் பாருக்கு மேல குப்புறப் போயி காறை எலும்பு முறிஞ்சுது. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டிட்டு இருந்தான். தலையில ஹெல்மெட் இருந்ததால பொழைச்சான்.

அவன் கூட்டாளிங்க பாக்க வந்தாங்க. ஆப்பிள், ஹார்லிக்ஸ் எல்லாம் வாங்கிட்டு வந்தாங்க, அதெல்லாம் சரி. வந்தவங்க சொன்னதுதான் எனக்குச் சரிப்படல. "உன்னுது 27.5 இன்ச் சக்கரம்டா. அதான் கல்லுல மாட்டிக்கிச்சு. 29-ஆ இருந்திருந்தா அப்படியே ஏறித் தாண்டியிருக்கும்" அப்படின்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க. அன்னிலேர்ந்து பையன் வாயில 29, 29-ன்னு ஜபம். விலை 52 ஆயிரமாம். கரும்புப் பணம் வந்ததும் குடுத்துடுன்னு அப்பன்கிட்ட கேக்கறான். 52 ஆயிரம்னா ஏறக்குறைய 15 டன் கரும்பு, வெட்டுக்கூலி கழிக்காம. தம்பி என்கிட்ட வந்து, "அண்ணா, மறுபடியும் விழுந்துட்டான்னா நான் வாங்கித் தராததாலதான்னு ஆயிடுமே. என்ன பண்றது சொல்லு"ன்னான். பெத்தவன் பயத்துல கேக்கறான். அந்தப் பயத்தை வச்சுத்தான் இங்க வியாபாரமே நடக்குது.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். விழுந்தது சக்கரம் சின்னதுன்னு இல்ல, ஓட்டத் தெரியாம. தெரியாதவன் பெரிய சக்கரத்துல ஏறினா, இன்னும் கொஞ்சம் வேகமாப் போயி விழுவான்.

சக்கரம் பெரிசானா பிரயோஜனம் இல்லைன்னு நான் சொல்லல. வண்டி கட்டின குடும்பத்துல பொறந்தவன் அப்படிச் சொல்ல மாட்டான். எங்க அப்பா காலத்துல கட்டை வண்டி. நான் சின்னப் பையனா பக்கத்துல நின்னா சக்கரம் என் தலைக்கு மேல இருக்கும். அப்புறம் டயர் வண்டி வந்தது. தார் ரோட்டுல வழுக்கிட்டுப் போகும், மாட்டுக்குப் பாரம் தெரியாது. ஆனா வரப்புன்னு வந்தா சின்னச் சக்கரம் முட்டிக்கிட்டு நிக்கும். கட்டை வண்டி அதே வரப்பை முனகிக்கிட்டே ஏறிடும். பெரிய வட்டம் மேட்டுல மோதற கோணம் சாய்வா இருக்கு, அதனால ஏறுது. இது கண்ணால பாத்த உண்மை.

அது எவ்வளவு பெரிய உண்மைன்னு கணக்குப் போட்டுப் பாக்கணும் இல்லையா? என் பொண்ணு பாலிடெக்னிக்ல மெக்கானிக்கல் படிக்குது. காலண்டர் தாள் பின்பக்கம் வட்டம் போட்டுக் கணக்குப் பண்ணிச்சு. கல்லு உயரம் 5 சென்டிமீட்டர். முன் சக்கரத்து மேல விழற பாரம் 40 கிலோன்னு வச்சுக்குவோம். நின்ன இடத்துலேர்ந்து நேராத் தள்ளி அந்தக் கல்லை ஏத்தணும்னா, 26 இன்ச் சக்கரத்துக்குச் சுமார் 25 கிலோ அளவுக்குத் தள்ளணும். 27.5-க்கு 24 கிலோ. 29-க்கு 23 கிலோ.

பாத்தீங்களா? தம்பி மகன் இப்ப வச்சிருக்கறதுக்கும் கேக்கறதுக்கும் வித்தியாசம் ஒரு கிலோ. 52 ஆயிரத்துக்கு ஒரு கிலோ!

ஓடும்போது கணக்கு வேற மாதிரி, வேகம் இருக்கு, டயர் நசுங்கும், கல்லு ஒன்னு இல்ல நூறு வரும்னு சொல்லுவாங்க. ஒத்துக்கறேன். ரெண்டு மணி நேரம் தொடர்ந்து கல்லுலயும் வேருலயும் ஓட்டறவனுக்கு அந்த ஒரு கிலோ சேந்துக்கிட்டே வரும். ஆனா எதிர்ப்பக்கக் கணக்கும் இருக்கே. பெரிய சக்கரம் எடை கூட, நின்னு கிளம்பும்போது மெதுவா எடுக்கும், குறுகலான வளைவுல திருப்பறதுக்குச் சிரமம். ஒன்னு குடுத்து ஒன்னு வாங்கற சமாச்சாரம்தான்.

பொண்ணு கடைசியில ஒன்னு கேட்டுது. "ஏம்ப்பா, கல்லு கிட்ட வரும்போது முன் சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கிட்டா?" தூக்கிட்டா கணக்கே இல்ல. 25-ம் இல்ல 23-ம் இல்ல, பூஜ்யம். உடம்பைப் பின்னாடி தள்ளி, பெடலை ஒரு மிதி மிதிச்சு, ஹேண்டிலை லேசா இழுத்தா முன் சக்கரம் கல்லைத் தொடாமலே தாண்டிடும். அப்புறம் உடம்பை முன்னாடி கொண்டு வந்தா பின் சக்கரம் பாரமில்லாம ஏறி வந்துடும். இதுக்கு ஒரு பைசா செலவில்ல. பஞ்சாயத்து போட்ட சிமெண்டு ரோட்டு விளிம்புல ஒரு மாசம் பழகினா வரும். என் பொண்ணு பிளஸ் ஒன்னுல அரசாங்கம் குடுத்த சைக்கிள்ல ஏரிக்கரை வழியாப் பள்ளிக்கூடம் போன புள்ள. கலங்கலுக்குப் பக்கத்துல இருக்கற படிக்கட்டு மாதிரியான கல்லை அது இப்படித்தான் தினமும் தாண்டும். யாரும் சொல்லிக் குடுக்கல, இறங்கித் தள்ள சோம்பேறித்தனம், அதனால கத்துக்கிச்சு.

எங்க அப்பா வரப்பை எப்படி ஏறுவார்னு இதை எழுதும்போது ஞாபகம் வருது. நேரா முட்ட மாட்டார். சாய்வா ஓட்டி, ஒரு சக்கரம் ஏறின பிறகு இன்னொன்னு ஏறற மாதிரி கொண்டு போவார். மாட்டுக்குச் சரியான நேரத்துல ஒரு சத்தம் குடுப்பார். பக்கத்து நிலத்துக்காரருக்கும் அதே ஆசாரி செஞ்ச அதே அளவு சக்கரம்தான். அவர் நேரா விட்டு ரெண்டு தடவை அச்சை முறிச்சார்.

இப்ப தம்பி மகன் விழுந்த கதைக்கு வரேன். அவனை உக்கார வச்சு, பதட்டப்படாம நடந்ததை நடந்தபடி சொல்லுடான்னேன். சொன்னான். இறக்கத்துல வரான், வளைவு வருது. அரைத் தேங்காய் அளவு கல்லு ஒன்னு கிடக்கு. பாத்ததும் பயம். கண்ணு அந்தக் கல்லை விட்டு எடுக்கல. எதைப் பாக்கறோமோ வண்டி அங்கதான் போகும், டிவிஎஸ் ஃபிப்டி ஓட்டறவனுக்குக் கூடத் தெரியும். கிட்ட வந்ததும் முன் பிரேக்கை ஒரே பிடியா பிடிச்சான். ஹேண்டில் திரும்பின நிலையில, சரளையில, இறக்கத்துல, டிஸ்க் பிரேக்கை முழுசாப் பிடிச்சா முன் சக்கரம் சுத்தறதை நிறுத்திடும். சுத்தாத சக்கரம் 26-ஆ இருந்தா என்ன, 29-ஆ இருந்தா என்ன? மாட்டு வண்டிச் சக்கரமாவே இருந்தாலும் அங்க குப்புறத்தான் போவும்.

"பெரிப்பா, நீங்க பழைய காலத்து ஆளு, இந்த சைக்கிளைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்"னான். சரிடான்னு கொட்டாயில கிடந்த எங்க அப்பா சைக்கிளை வெளிய எடுத்தேன். தூசி தட்டி டயர் ஓரத்துல எழுதியிருக்கறதைப் படிக்கச் சொன்னேன். 28-க்கு ஒன்றரைன்னு இருந்தது, பக்கத்துல 40-635. அந்த 635-ங்கறது டயர் உக்கார்ற ரிம்மோட குறுக்களவு, மில்லிமீட்டர்ல. இப்ப உன் போன்ல அந்த 29 இன்ச் டயரோட அளவைப் பாருடான்னேன். பாத்தான். 622.

பையன் ஒரு நிமிஷம் பேசல. 52 ஆயிரம் குடுத்து வாங்கப் போற ரிம், தாத்தா சைக்கிள் ரிம்மை விட 13 மில்லி சின்னது! டயர் தடிமன் சேத்துப் பாத்தா 29 கொஞ்சம் உயரமா வரும், அவ்வளவுதான். அவன் இப்ப வச்சிருக்கறது 584. பெரிய சக்கரம்தான் எல்லாம்னா, தமிழ்நாட்டுல பால்காரரும் ஐஸ்காரரும் தபால்காரரும் அம்பது வருஷமா மலை சைக்கிள்தான் ஓட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. யாருக்கும் தெரியல பாவம்.

அந்த சைக்கிள்ல மலைக்குப் போனவங்களும் உண்டு. நான் பையனா இருந்தப்ப எங்க ஊர் வழியா ஒரு கருவாட்டு வியாபாரி போவார். பின்னாடி கேரியர்ல கூடை. அடிவாரம் வரைக்கும் மிதிப்பார், அதுக்கு மேல தள்ளிக்கிட்டே ஏறி ஊர் ஊராப் போவார். திரும்பி வரும்போது புளி, கடுக்காய், சாமைன்னு மூட்டை இருக்கும். இறங்கறதுதான் வித்தை. கம்பி பிரேக், ரப்பர் கட்டை, மழை பெஞ்சா பிடிக்காது. பச்சைக் கிளை ஒன்னை வெட்டிக் கயித்துல கட்டிப் பின்னாடி இழுத்துட்டு வருவார், வேகம் அடங்கும். எந்த வளைவுல உக்காந்து வரலாம், எந்த வளைவுல இறங்கிடணும்னு அவருக்கு மனப்பாடம். விழுந்துட்டார்னு நான் ஒரு நாளும் கேள்விப்பட்டதில்ல. இறங்கத் தெரிஞ்சவரு அவரு. நம்ம பசங்களுக்கு இறங்கறது கௌரவக் குறைச்சல்.

பெரிய சக்கரத்துக்கு உலகத்துலயே பெரிய உதாரணம் பென்னி ஃபார்திங். 1870-கள்ல சீமையில ஓடினது, முன் சக்கரம் ஆள் நெஞ்சு உயரம். பழைய படத்துல பாத்திருப்பீங்க. அன்னிக்கு இருந்த மோசமான ரோட்டுல அது நல்லாத்தான் உருண்டுச்சு. ஆனா ஒரு கல்லு தடுத்தா ஓட்டறவர் தலைகீழா முன்னாடி போவார். அதுக்கு அப்புறம்தான் 1885-ல ஸ்டார்லிங்கறவர் ரெண்டு சக்கரமும் கிட்டத்தட்ட ஒரே அளவா, சங்கிலி போட்டு ரோவர் சைக்கிள் கொண்டு வந்தார். சக்கரத்தைச் சின்னதாக்கினதாலதான் சைக்கிள் பத்திரமாச்சு. அதுக்குப் பேரே பத்திர சைக்கிள்னுதான் வச்சாங்க.

சரி, இந்த மலை சைக்கிளுக்கு முதல்ல 26 இன்ச் எப்படி வந்தது? ஏதோ விஞ்ஞானி உக்காந்து ஆராய்ச்சி பண்ணினார்னு நினைச்சேன். இல்லவே இல்ல. அமெரிக்காவுல கலிபோர்னியா, மரின்னு ஒரு ஜில்லா. 1970-கள்ல அங்க இருந்த பசங்க, பேப்பர் போடற பையன்கள் முன்னாடி காலத்துல ஓட்டின பழைய ஷ்வின் சைக்கிளைக் காயலான் கடையிலேர்ந்து எடுத்து மலைப்பாதையில விட்டாங்க. அதுல தடிமனான 26 இன்ச் டயர் இருந்தது, அந்த டயர் கடையில கிடைச்சது, அதனால 26. அவ்வளவுதான் காரணம். பின் பிரேக் சூட்டுல கிரீஸ் எல்லாம் உருகிப் புகையாப் போயிடும். ஒவ்வொரு தடவை இறங்கின பிறகும் புதுசா கிரீஸ் அடைக்கணும். அதனால அந்த இறக்கத்துக்கே 'மறுபடி அடை'ங்கற அர்த்தத்துல ரீபேக்னு பேர் வந்துடுச்சு. 1976 அக்டோபர் 21-ம் தேதி அங்க முதல் பந்தயம். ஜெயிச்சவர் ஆலன் பாண்ட்ஸ். எப்படி ஜெயிச்சார் தெரியுமா? வந்தவங்கள்ல விழாம வந்து சேந்தவர் அவர் ஒருத்தர்தான்!

இன்னிக்கும் பாடம் இதுதான்னு நான் சொல்றேன். எல்லாருக்கும் ஒரே சக்கரம், ஒரே மோசமான பிரேக். விழாதவன் ஜெயிச்சான்.

இப்ப எதிர்க்கட்சிக்காரங்க ஒலிம்பிக்ஸைக் கொண்டு வருவாங்க. நானே கொண்டு வரேன். நினோ ஷூர்டர், சுவிட்சர்லாந்துக்காரர். 2008 பெய்ஜிங்ல 26 இன்ச்ல ஓட்டி வெண்கலம். 2012 லண்டன்ல 27.5-ல வெள்ளி. 2016 ரியோவுல 29-ல தங்கம். பாத்தீங்களா, சக்கரம் ஏற ஏற மெடல் ஏறுதுன்னு தம்பி மகன் துள்ளிக் குதிச்சான்.

பொறுடா தம்பி. அதே ஆளு 2009-ல 26 இன்ச்லயே உலக சாம்பியன். 2012-லயும் 2013-லயும் 27.5-ல உலக சாம்பியன். 2017-ல 29-ல உலக சாம்பியன். மூணு அளவுலயும் உலகத்தை ஜெயிச்சவரை எந்த சக்கரம் ஜெயிக்க வச்சதுன்னு சொல்லுவ? பெய்ஜிங்ல அவருக்கு 22 வயசு, ரியோவுல 30. எட்டு வருஷப் பழக்கத்துக்கு மதிப்பே இல்லையா?

லண்டன் பந்தயத்தையே எடுத்துக்க. அது நடந்த இடம் ஹாட்லீ பண்ணை, நம்மள மாதிரி விவசாய பூமி, எனக்கு அதுல ஒரு சந்தோஷம். செக் நாட்டு யாரோஸ்லாவ் குல்ஹாவி 29-ல வந்தார், ஷூர்டர் 27.5-ல. ஒன்றரை மணி நேரம் ஓட்டிட்டு, கடைசியில ஒரே ஒரு செகண்டுல குல்ஹாவி ஜெயிச்சார். நாலு வருஷம் கழிச்சு ரியோவுல ஷூர்டர் முதல், குல்ஹாவி ரெண்டாவது. அங்கயும் அதே ரெண்டு பேர், வரிசை மட்டும் மாத்தி. சக்கரம் மாறிச்சு, ஆளுங்க மாறல.

அந்த ஒரு செகண்டுக்குச் சக்கரம் காரணமா இருக்கலாம். நான் மறுக்கல. ரெண்டு பேரும் பழக்கத்துல சமம், உடம்புல சமம்னு வந்தா, அப்ப சக்கரம் பேசும். இன்னிக்குப் பெரிய போட்டிக்காரங்க பெரும்பாலும் 29-க்குப் போனதுக்கும் காரணம் இதுதான். அவங்க அந்த ஒரு செகண்டுக்காகப் பொழைக்கறவங்க. நம்ம பையன் என்ன பண்றான்? இறக்கத்துல முன் பிரேக்கைப் பிடிச்சுக் குப்புற விழறான். ஒரு செகண்டு அவனுக்கு எதுக்கு?

நம்ம ஊர்லயே இதைப் புரிஞ்சுக்கிட்டு ஒரு நல்ல காரியம் நடக்குது. வருஷா வருஷம் அண்ணா பிறந்தநாளுக்கு மாவட்டம் மாவட்டமா விளையாட்டு ஆணையம் சைக்கிள் போட்டி நடத்துது. 13, 15, 17 வயசுக்கு உட்பட்ட பசங்களுக்கும் பொண்ணுங்களுக்கும். இந்தியாவுல செஞ்ச சாதாரண சைக்கிளோடத்தான் வரணும்னு விதி. ஏன் அந்த விதி? வசதியான வீட்டுப் புள்ள லட்ச ரூபாய் சைக்கிள்ல வந்து நிப்பான், கூலிக்காரர் புள்ள இலவச சைக்கிள்ல வந்து நிக்கும். அப்படி விட்டா புள்ளையோட திறமை வெளிய தெரியாது, அப்பனோட பணம்தான் தெரியும். கருவியைச் சமமாக்கிட்டு காலைப் பாக்கறாங்க. அந்த விதியை எழுதினவங்களுக்கு ஒரு கும்பிடு.

இவ்வளவு கோவமா ஏன் எழுதறேன்னா, இந்த வியாதி எனக்கும் வந்திருக்கு. ஏழு வருஷத்துக்கு முன்னாடி என் நிலத்துல களை தாங்கல. ரெண்டே கால் ஏக்கர்தான். கருவி விக்கறவர் ஒருத்தர் வந்து, "உங்க மெஷின் சக்தி பத்தாதுண்ணா, பெரிசு எடுங்க"ன்னார். கடன் வாங்கி எடுத்தேன். கரும்புப் பாருக்குள்ள அது திரும்பவே திரும்பாது. களை எடுக்கறதுக்குப் பதிலா கரும்பை எடுத்தது. மூணு வருஷம் வட்டி கட்டிட்டு பாதி விலைக்கு வித்தேன். அப்புறம்தான் ஒரு பெரியவர் சொன்னார், நீ களை எடுக்கற நாளு தப்பு, பூ விடறதுக்கு முன்னாடி எடுத்தா கையாலயே முடியும்னு. தப்பு என் பஞ்சாங்கத்துல இருந்தது, மெஷின்ல இல்ல. இதை வெளிய சொல்ல வெக்கமாத்தான் இருக்கு. ஆனா சொல்லாம எப்படி தம்பி மகனுக்குப் புத்தி சொல்றது?

விக்கறவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. அவங்க பொழைப்பு அது. முப்பது வருஷம் 26-தான் சரின்னு வித்தாங்க. அப்புறம் 29-ன்னாங்க, நடுவுல 27.5-ன்னாங்க, இப்ப முன்னாடி 29 பின்னாடி 27.5-ன்னு கலந்தும் வருது, 2019-லேர்ந்து உலகப் போட்டியிலயும் அதுக்கு அனுமதி உண்டு. அளவு மாறும்போதெல்லாம் ரிம் மாறணும், டயர் மாறணும், டியூப் மாறணும், கடைசியில சைக்கிளே மாறணும். பழக்கம்ங்கறது அப்படி இல்ல. ஒரு தடவை உடம்புல ஏறிடுச்சுன்னா எந்தக் கடைக்காரரும் அதை மறுபடி நமக்கு விக்க முடியாது. அதனாலதான் அதைப் பத்தி யாரும் விளம்பரம் போடறதில்ல.

என் கோவம் அந்தக் கூட்டாளிங்க மேலதான். விழுந்து கிடக்கறவன்கிட்ட, "நீ பிரேக்கைத் தப்பாப் பிடிச்சடா, வா நான் காட்டறேன்"னு சொல்லியிருக்கணும். அதுதான் சிநேகிதம். அதைச் சொன்னா அவன் மனசு கஷ்டப்படும்னு சக்கரத்து மேல பழியைப் போட்டாங்க. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல்னாளாம். இங்க ஆடத் தெரியாதவனுக்குப் பக்கத்துல நாலு பேர் நின்னு, "ஆமாண்டா, கூடம் கோணல்தான், புதுக் கூடம் கட்டு"ங்கறாங்க. இது அன்பு மாதிரி தெரியும். அடுத்த தடவை காறை எலும்போட நிக்காது.

சிலருக்கு 29 நியாயமாவே தேவைப்படும். ஆறடி ஆளுக்கு 29 பொருத்தமா இருக்கும், குள்ளமா இருக்கறவங்களுக்கும் சின்னப் பசங்களுக்கும் சின்னச் சக்கரம்தான் கைக்கு அடங்கும். புதுசா வாங்கறவன் உயரத்துக்குத் தகுந்த மாதிரி வாங்கட்டும். பந்தயத்துக்குப் போறவன் வாங்கட்டும். 2023 அக்டோபர்ல ஆசிய அளவு மலை சைக்கிள் போட்டி கேரளாவுல பொன்முடியில நடந்தது, பக்கத்துலதான் இருக்கு. கல்வராயன் மலைப் புள்ள ஒன்னு அந்த மாதிரி போட்டிக்குப் போற நாள் வந்தா, 29 வாங்க என் கரும்புலேர்ந்தும் ஒரு பங்கு தரேன். ஆனா அந்தப் புள்ள முதல்ல 26-ல மத்தவங்களைத் தாண்டியிருக்கும், அது நிச்சயம்.

தம்பிக்கு நான் சொன்ன முடிவு இது.

இருக்கற சைக்கிளே இருக்கட்டும். பிரேக் கட்டையும் டயரும் தேஞ்சிருந்தா மாத்து. மண் பாதைக்குப் போகும்போது டயர்ல கல்லு மாதிரி காத்தடிக்காதே, கொஞ்சம் குறைச்சு வை, பிடிமானம் கூடும். அந்த ஹெல்மெட் ஒரு தடவை அடி வாங்கிடுச்சு, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்கு. எல்லாம் சேத்து 52 ஆயிரத்துல பத்துல ஒரு பங்கு கூட ஆகாது.

மலைக்கு ரெண்டு மாசம் லீவு. தினமும் காலையில அரை மணி நேரம் எங்க களத்து மேட்டுக்கு வரணும். முன் பிரேக்கை ரெண்டு விரலால கொஞ்சம் கொஞ்சமாப் பிடிக்கப் பழகணும், ரெண்டு பிரேக்கையும் சேத்து, வளைவுக்கு முன்னாடியே, வண்டி நேரா இருக்கும்போதே. இறக்கத்துல பின்பக்கத்தை சீட்டுக்குப் பின்னாடி கொண்டு போகப் பழகணும். செங்கல்லு ஒன்னு வச்சு அதை முன் சக்கரம் தொடாம தாண்டணும். கண்ணு கல்லுல இல்லாம, போக வேண்டிய வழியில இருக்கணும். சொல்லிக் குடுக்கறது என் பொண்ணு. அக்காகிட்ட கத்துக்க வெக்கமா இருந்தா சைக்கிளே வேண்டாம்.

ரெண்டு மாசம் கழிச்சு, அதே பாதையில, அதே சைக்கிள்ல, அதே கல்லைத் தாண்டி இறங்கி வரட்டும். நான் கீழ நிப்பேன். அதுக்கு அப்புறமும் 29 வேணும்னு கேட்டான்னா பாதிப் பணம் நான் தரேன்னு சொல்லியிருக்கேன். விளையாட்டுக்குச் சொல்லல, பொண்ணு முன்னாடி சொன்ன வார்த்தை.

பையன் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு இருந்தான். நேத்து காலையில ஆறு மணிக்குக் களத்துல ஏதோ சத்தம் கேட்டுது. எட்டிப் பாத்தேன். ஒரு செங்கல்லை வச்சுக்கிட்டு முட்டிக்கிட்டு இருந்தான். நாலாவது தடவை செங்கல்லு ரெண்டா உடைஞ்சுது. பரவால்ல, செங்கல்லு அஞ்சாறு ரூபாதான்.

உங்க வீட்டுலயும் இந்த மாதிரி சக்கரச் சண்டை நடந்திருந்தா எழுதுங்க. நான் சொன்னது தப்புன்னு நினைக்கறவங்களும் எழுதலாம். மாலையில மடை திருப்பிட்டு வந்து படிக்கறேன்.